மண் மிதிக்கும் தேதி

சமரிந்தா
20 ஜனவரி 1991

மதிப்பிற்குரிய அண்ணன் பிரதிக்தோ அவர்களுக்கு,

தம்பி ஹர்சோயோவின் ஸலாம். சோலோவில் நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த மழைக்காலத்தோடு உங்கள் முழங்கால் சமாதானமாகப் போகிறதா என்று தெரிவிக்கவும்.

தந்தி கிடைத்திருக்கும். தந்திப் படிவம் சிறியது என்பதால் "பெண் குழந்தை, சனி கிளிவோன், இருவரும் நலம்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

வினார்த்தியின் ஏழாம் மாதச் சடங்குக்கு நீங்கள் 19ஆம் தேதி குறித்துக் கொடுத்திருந்தீர்கள். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் சேகரித்துவிட்டேன். ஏழு கிணற்று நீருக்குத்தான் கொஞ்சம் சிரமம். இந்த ஊரில் ஐந்து கிணறும் ஒரு நதியும்தான் அகப்பட்டன. மஞ்சள் இளநீர்க் காய்கள் இரண்டில் முகம் செதுக்குபவர் ஒரு மூக்கை முடித்து மறு மூக்கைத் தொடங்கிய அன்று, அதாவது 12ஆம் தேதி, விருந்துக்கு உரியவளே நேரில் வந்துவிட்டாள். குறித்த நாளுக்குப் பத்து வாரம் முன்னதாக. நம் குடும்பத்தில் எதற்கும் முன்னதாக வந்த முதல் ஆள் இவள்தான்.

பெயர் வெனிங். சற்றுச் சிறியவள். தொட்டிலில் இடம் மிச்சம் இருக்கிறது. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

அண்ணியின் நலம் விசாரித்ததாகச் சொல்லவும்.

பணிவுள்ள,
ஹர்சோயோ


சோலோ
2 பிப்ரவரி 1991

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். கடிதம் ஒன்பது நாளில் வந்து சேர்ந்தது. முழங்கால் தன் கடமையைச் செய்கிறது. அண்ணி நலம்.

குழந்தையின் எடையை நீ எழுதவில்லை. முப்பது ஆண்டு நில அளவைத் துறையில் இருந்தவன் நான். பரப்பளவு எழுதாத மனுவைப் படிக்காமலே திருப்பி அனுப்புவது எங்கள் வழக்கம். தம்பி என்பதால் உன் கடிதத்தை வைத்துக்கொள்கிறேன்.

கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும். தனியே ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். அதில் குழந்தையைச் சுற்றிக் கட்டும் நீளத் துணிகள் பன்னிரண்டு இருக்கின்றன. கால்களை நேராக நீட்டி, இறுக்கமாகக் கட்டு. நம் வீட்டில் எல்லோருடைய காலும் நேராக இருப்பதற்கு இதுவே காரணம். குணத்துக்கு நான் பொறுப்பில்லை.

அடுத்தது, மண் மிதிக்கும் சடங்கு. அதுவரை அவள் பாதம் தரையில் படக் கூடாது. உனக்கு மறந்திருக்கும்: சனிக்கிழமையும், ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும் கிளிவோன் சந்தை நாளும் ஒன்றாகக் கூடுவது முப்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை. அது ஒரு லப்பான். பிறந்ததிலிருந்து ஏழு லப்பான், அதாவது இருநூற்று நாற்பத்தைந்து நாள். செப்டம்பர் 14. சடங்கு இங்கே நம் வீட்டு முற்றத்தில் நடக்கும். குழந்தையை ஏற்றும் கரும்பு ஏணிக்கு இப்போதே சொல்லிவிட்டேன்.

எடையை எழுதவும்.

அண்ணன்,
பிரதிக்தோ


சமரிந்தா
24 பிப்ரவரி 1991

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

ஸலாம். முழங்காலின் கடமை உணர்ச்சியை மெச்சுகிறேன்.

எடை: பிறந்த அன்று ஆயிரத்து இருநூற்று அறுபது கிராம். உங்கள் பஞ்சாங்கக் கட்டு இதைவிடக் கனம். இன்று ஆயிரத்து எண்ணூற்று எண்பது. முதல் எண்ணை முதல் கடிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டாவது எண் கிடைத்ததும் இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

மருத்துவமனையில் குழந்தைகளுக்கான சூட்டுப் பெட்டிகள் இரண்டு. ஒன்று பழுது. மற்றொன்றுக்குக் குழந்தைகள் மூன்று. குழந்தைகள் பிரிவை ஆள்பவர் தியுர்மா என்ற செவிலி, சுமத்ராவின் பத்தாக் இனத்தவர். நம் சோலோவில் ஒரு வாரம் சுற்றிவளைத்துச் சொல்லும் விஷயத்தை ஒரு மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். இரண்டாம் வாரம் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்கதான் அப்பாவா? அங்க என்ன தூண் மாதிரி நிக்கிறீங்க? சட்டையக் கழட்டுங்க."

"இங்கேயா?"

"பின்ன, ஆத்தங்கரையிலயா? ஒடம்பு சூடு இருக்குல்ல, வீணாத்தானே போகுது. பொண்டாட்டி ராத்திரியெல்லாம் சுமந்து அசந்து கெடக்குது. பகல்ல நீங்க."

அன்று முதல் வெனிங் என் வெறும் நெஞ்சில், தவளை போல் கால் மடக்கி, பொட்டலம் வந்தபின் உங்கள் துணிகளில் ஒன்றால் கட்டப்பட்டு, மேலே என் சட்டையோடு வாழ்கிறாள். வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. இங்கும் அதே ஏற்பாடு. பள்ளி ஒரு மணிக்கு முடிகிறது. இரண்டிலிருந்து ஆறு வரை நான் ஒரு கங்காரு. தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "புவியியல் ஆசிரியருக்கு ஆஸ்திரேலியாமேல் இவ்வளவு பற்றா?" என்றார்.

காலை நீட்டிக் கட்டுவது கூடாதாம். "வயித்துக்குள்ள என்ன நீட்டிப் படுத்திருந்தாளா? சுருண்டுதானே கெடந்தா? பொறக்க வேண்டிய நாள் வரைக்கும் அப்படியே கெடக்கட்டும்" என்கிறார் தியுர்மா. ஆகவே மற்றப் பதினொரு துணிகளையும் சுருட்டி அவளைச் சுற்றிப் பறவைக்கூடு போல வைத்திருக்கிறோம். கைகள் வாய்க்கு வருகின்றன, முழங்கால் வயிற்றுக்கு வருகிறது. துணிகள் வீணாகவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

நம் வீட்டில் யார் எந்தக் குழந்தையை நீட்டினாலும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை மட்டும் அசைப்பவர் நீங்கள். என்னைப் பார்த்தால் சிரிப்பீர்கள்.

வினார்த்தியின் வணக்கம்.

ஹர்சோயோ


சமரிந்தா
31 மார்ச் 1991

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நலம் என்று உங்கள் மௌனத்திலிருந்து நானாகவே ஊகித்துக்கொள்கிறேன். ஐந்து வாரமாகப் பதில் இல்லை. கங்காரு என்ற சொல் மரியாதைக் குறைவாகப் பட்டிருந்தால் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வெனிங்குக்கு இப்போது இரண்டு வயது. அதாவது, இரண்டு விதமான வயது. நம் கணக்கில் எழுபத்தெட்டு நாள். தியுர்மா பிறந்த நாளை ஏற்பதில்லை. பிறந்திருக்க வேண்டிய நாளான மார்ச் 23இலிருந்து எண்ணுகிறார். அவர் கணக்கில் எட்டு நாள். "ரெண்டரை மாசமாச்சே, இன்னும் சிரிக்கலையே" என்று வினார்த்தி கவலைப்பட்டதற்கு, "எட்டு நாள் கொழந்தை எங்கயாவது சிரிக்குமா?" என்றார். வினார்த்தி அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

இப்போது ஒரு சட்டச் சிக்கல். தினமும் அவளைக் குப்புறப் படுக்கவைக்க வேண்டும், தரையில், பாய் விரித்து. கழுத்தும் முதுகும் அப்படித்தான் பலம் பெறுமாம். மெத்தையில் போட்டால் புதைந்துபோவாள். ஆனால் தரை என்றால் உங்கள் தடை உத்தரவு இருக்கிறது. எங்கள் வீடு மரக்கால்களின்மேல் நிற்கிறது. தரைப் பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டு மீட்டர் காற்றும், அண்டைவீட்டுக்காரரின் படகும் இருக்கின்றன. பலகை மண்ணாகுமா? உங்கள் தீர்ப்பை எதிர்பார்க்கிறேன்.

மற்றபடி நலம். கால்கள் மட்டும் கொஞ்சம் பிடிவாதக்காரக் கால்கள்.

ஹர்சோயோ


சோலோ
18 ஏப்ரல் 1991

தம்பிக்கு,

நோன்புப் பெருநாள் வாழ்த்துகள். இந்த ஆண்டு நான் செய்த பிழைகளை மன்னிக்கவும்; நீ செய்தவற்றை நான் மன்னித்தாயிற்று. எங்கள் உடல்நலத்துக்குக் குறைவில்லை.

தீர்ப்பு: மரம் மண்ணிலிருந்து வந்தது, எனவே பலகை மண்ணின் வாரிசு. ஆனால் நடுவே பாய் விரித்தால் வாரிசுரிமை அறுந்துவிடுகிறது. மேலும் தடை பாதத்துக்கு மட்டுமே. வயிற்றைப் பற்றி முன்னோர் எதுவும் சொல்லிவைக்கவில்லை. குப்புறப் படுக்கலாம். காலுறை போடு.

செப்டம்பர் 14க்கான அழைப்பிதழ் அச்சகத்தில் இருக்கிறது. நூற்றைம்பது பேர்.

ஒன்று கேட்க வேண்டும். நெஞ்சில் வைத்திருக்கும்போது மூச்சு கேட்குமா?

பிரதிக்தோ


சமரிந்தா
20 மே 1991

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

ஸலாம். தீர்ப்பின் நகலை வினார்த்திக்கு வாசித்துக் காட்டினேன். பாய்க்கும் காலுறைக்கும் உடனே ஏற்பாடாயிற்று.

கேட்கும். முதலில் கேட்காது, பிறகு அதைத் தவிர வேறெதுவும் கேட்காது. சில நேரம் நின்று, என் மூச்சு நகர்ந்ததும் தானும் நகரும். ஏன் கேட்டீர்கள்?

நெஞ்சின் கீழே ஒரு துணிச் சுருளை வைத்துக் குப்புறப் போட்டால், இப்போது தலையைத் தூக்கிச் சுவரைப் பார்க்கிறாள். சுவரில் இருப்பது என் பள்ளியின் உலக வரைபடம். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அண்டார்டிக்காவில் நெற்றி மோதிப் படுத்துக்கொள்கிறாள். வினார்த்தி தினம் ஆறு முறை பயிற்சி கொடுக்கிறாள்: கைகளை நடுவில் சேர்ப்பது, முழங்காலை மெல்ல மடக்குவது, பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி அழுத்துவது. கிலுகிலுப்பையை ஆட்டுவது என் பொறுப்பு. நான் தாளம் தப்பி ஆட்டுவதாகப் புகார் இருக்கிறது.

செப்டம்பர் பற்றி ஒரு சிறு விஷயம். அந்த மாதத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்குமாம். கைக்குழந்தையோடு கப்பல் பயணம் உசிதமா என்று யோசிக்கிறேன்.

அண்ணிக்கு அன்பு.

ஹர்சோயோ


சோலோ
15 ஜூன் 1991

தம்பிக்கு,

நாங்கள் நலம், அதிலும் நான் மிகவும் நலம், ஏனெனில் உன் கடிதத்தால் கடல்பற்றி நிறையப் படிக்க நேர்ந்தது. துறைமுக அலுவலகத்தில் கடந்த பத்து ஆண்டுக் குறிப்பைக் கேட்டு வாங்கினேன். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் உங்கள் பக்கத்துப் பாலிக்பாப்பானிலிருந்து நம் பக்கத்துச் சுராபாயாவுக்கு வந்த கப்பல் எதுவும் தாமதமானதில்லை. ஒரே ஒருமுறை தாமதமானது. கப்பல் தலைவருக்குப் பல்வலி. நீ புவியியல் ஆசிரியன். வேறு காரணம் சொல்.

பக்கத்து வீட்டு நோட்டரியின் பேரன் தன் சடங்கில் ஏழு நிறப் பலகாரத்தையும் மிதித்து, கரும்பு ஏணியில் ஏறி, மூங்கில் கூண்டுக்குள் கால் மடித்து உட்கார்ந்து, நீதிபதி போல எல்லோரையும் பார்த்தான். நூற்றைம்பது பேர் நம் முற்றத்துக்கும் வருவார்கள். அவர்களுக்குக் கண் உண்டு, வாயும் உண்டு. விதிப்படி நாளில் விதிப்படி நடந்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. விதி அதற்காகத்தான் இருக்கிறது.

அழைப்பிதழ் இணைத்திருக்கிறேன். அச்சு நன்று.

பிரதிக்தோ


சமரிந்தா
12 ஜூலை 1991

அண்ணா,

உடல்நல விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இக்கடிதத்தை வினார்த்தி எதிரில் உட்கார்ந்து எழுதவைக்கிறாள்.

"கடல்மேல பழி போடுறீங்களே, வெக்கமா இல்ல? உங்க அண்ணனுக்கு உள்ளத எழுதுனா வெரல் ஒடஞ்சிருமா?"

"வருத்தப்படுவாரே."

"படட்டுமே. நான் ஆறு மாசமா வருத்தப்பட்டுக்கிட்டே பால் குடுக்கல?"

உள்ளது இதுதான். வெனிங்கின் கால்களில் விறைப்பு இருக்கிறது. தூக்கி நிறுத்தினால் பாதம் பதிவதில்லை. நுனிவிரலில் நிற்கிறாள், கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்கின்றன. முன்கூட்டி வந்த குழந்தைகளில் சிலருக்கு இது தானாகச் சரியாகும், சிலருக்கு ஆகாது. தியுர்மாவிடம் கேட்டேன்.

"நடப்பாளா?"

"நான் என்ன ஜோசியக்காரியா? குதிகால் கீழ படணும், அதப் பாருங்க. தெனம் ஆறு தடவ செய்யுங்க. வியாழக்கெழம தவறாம வாங்க. அழுவுறதுன்னா வெளிய போய் அழுவுங்க, கொழந்தைக்கு முன்னாடி வேண்டாம்."

இரண்டு முறை வெளியே போனேன்.

செப்டம்பர் 14 அன்று உங்கள் கணக்கில் அவளுக்கு எட்டு மாதம். அவள் உடம்பின் கணக்கில் ஆறுகூட இல்லை. அவள் உட்கார மாட்டாள். கூண்டுக்குள் வைத்தால் சரிந்து விழுவாள். நூற்றைம்பது பேர், நம் ஊர் வழக்கப்படி, எதையும் பார்க்காததுபோல் தேநீரைப் பார்ப்பார்கள். அவள் மிதிக்கும் முதல் மண்ணில் அந்தப் பரிதாபம் கிடக்க வேண்டாம். நாங்கள் வரப்போவதில்லை. மன்னியுங்கள்.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஹர்சோயோ


சோலோ
28 ஜூலை 1991

அன்புள்ள ஹர்சோயோ, வினார்த்திக்கு,

இது அண்ணி சுமிரா. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நலம் விசாரிக்கும் இடத்தை அவர்தான் நிரப்புவார். நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை அவர் மூன்று முறை படித்தார். பிறகு முற்றத்தில் போய் நின்றார். இன்னமும் பதில் எழுத உட்காரவில்லை. கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஹர்சோயோ, உனக்கு அப்போது ஆறு வயது, உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1959இல் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். அவனும் முன்னதாக வந்தவன்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பெட்டிக்குள் வைத்தார்கள். யாரும் தொடக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. உன் அண்ணன் விதியை மீறுகிற ஆளா? பதினோரு நாள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பன்னிரண்டாம் நாள் பார்க்க ஒன்றுமில்லை. அதிகாரி மாதிரி நிற்கிறார் என்று ஊரில் சொல்வார்கள். அந்த நிற்பை அவர் அங்கேதான் கற்றார்.

நீ குழந்தையை நெஞ்சில் கட்டியிருப்பதாக எழுதிய அன்று, கடிதத்தை என்னிடம் நீட்டி, "இதை அப்போ யாரும் நமக்குச் சொல்லலையே, சுமி" என்றார். அவ்வளவுதான்.

நான் எழுதியது அவருக்குத் தெரியாது. அஞ்சல்தலையை அவர் மேசையிலிருந்து எடுத்தேன். எண்ணி வைத்திருப்பார், ஆகவே சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

வினார்த்தி, நீ நேரத்துக்குச் சாப்பிடு.

சுமிரா


சோலோ
9 ஆகஸ்ட் 1991

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். முழங்கால் பற்றிக் கேட்டிருந்தாய். அதைவிட முக்கியமான மூட்டுகள் குடும்பத்தில் இருக்கும்போது அதைப் பேச வேண்டாம். என் மேசையில் ஓர் அஞ்சல்தலை குறைகிறது. விசாரணை நடத்தப்போவதில்லை.

உன் கடிதத்திலிருந்து இரண்டு தேதிகளை எடுத்துக்கொண்டேன். பிறந்த தேதி ஜனவரி 12. அந்தச் செவிலி அம்மையார் எண்ணத் தொடங்கும் தேதி மார்ச் 23. நடுவே எழுபது நாள். பத்து வாரம் என்று நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய். நான்தான் வாரத்தை லப்பானாக மாற்றிப் பார்க்கவில்லை. எழுபது என்பது சரியாக இரண்டு லப்பான். மார்ச் 23உம் சனி கிளிவோன்தான். என் கணக்கைப் பஞ்சாங்கத்தோடு நான்கு முறை ஒப்பிட்டேன்.

இதன் பொருள் உனக்குப் புரியும் என்று நம்புகிறேன். வெனிங் சனி கிளிவோனில் வந்தாள். வந்திருக்க வேண்டியதும் சனி கிளிவோனில். எந்த வழியில் எண்ணினாலும் அவள் நாள் மாறவில்லை. இரண்டு சுற்று முன்னால் புறப்பட்டிருக்கிறாள், அவ்வளவே. எனவே மார்ச் 23இலிருந்து ஏழு லப்பான் எண்ணுவதில் முன்னோருக்கு ஆட்சேபம் இருக்க முடியாது. செவிலியின் கணக்கும் நம் கணக்கும் ஒரே நாளில் வந்து நிற்கின்றன. நவம்பர் 23. அந்த அம்மையார் சோலோவில் பிறக்காதது நமக்கு இழப்பு.

அச்சகத்துக்குப் போய் வேறு தேதி போட்டு மறுபடி அச்சடிக்கச் சொன்னேன். "ஏன் சார், நாள் பாத்ததுல தப்பாயிடுச்சா?" என்று கேட்டான். முப்பது ஆண்டில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. "ஆமாம்ப்பா" என்றேன்.

நவம்பரிலும் அவள் உட்காராவிட்டால், கூண்டுக்குள் அவளோடு நான் உட்கார்கிறேன். கூண்டின் விட்டத்தை அளந்துவிட்டேன். இடம் இருக்கிறது. நேரம் வந்தால் முழங்கால் ஒத்துழைக்கும்.

செவிலி கொடுத்த பயிற்சிப் பட்டியலின் நகலை அனுப்பு. முற்றத்து மணலை அதற்கேற்பச் சலிக்க வேண்டும்.

பிரதிக்தோ


சமரிந்தா
3 அக்டோபர் 1991

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். நாங்கள் மூவரும் நலம் என்பதை இம்முறை எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அண்ணியின் கடிதத்துக்குப் பதில் எழுதத் தெரியவில்லை. நேரில் வருகிறோம்.

உங்கள் ஆகஸ்ட் கடிதத்தைத் தியுர்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுபது நாள் கணக்கைக் கேட்டு, "உங்க அண்ணன் டாக்டரா?" என்றார். நில அளவை என்றேன். "அதான். டாக்டர்னா இவ்வளவு சரியா எண்ண மாட்டார்."

திங்களன்று வெனிங் முன்னால் கை ஊன்றி, தவளைபோல் உட்கார்ந்தாள். ஏழு வினாடி. எட்டாவது வினாடி நாங்கள் கத்தியதில் பயந்து கவிழ்ந்தாள். இப்போது கத்தத் தடை. உருள்கிறாள், பாயிலிருந்து பலகைக்குத் தப்பி ஓடுகிறாள், தீர்ப்பை மதிப்பதில்லை. கால் விறைப்பு தளர்ந்திருக்கிறது. வலது குதிகால் கீழே வருகிறது. இடது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

பட்டியல் இணைப்பில்.

உங்கள் தம்பி,
ஹர்சோயோ


சோலோ
27 நவம்பர் 1991

சமரிந்தா, குழந்தைகள் பிரிவுச் செவிலி தியுர்மா அவர்களுக்கு,

முன்பின் அறியாதவன் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளவும். நீங்களும் உங்கள் பிரிவிலுள்ள சிறியவர்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். வெனிங்கின் பெரியப்பா நான். என் தம்பி ஊர் திரும்பியதும் நடந்ததைச் சொல்வான், மிகைப்படுத்துவான். ஆகவே நேரில் பார்த்தவனின் அறிக்கை தனியாக இருப்பது நல்லது.

23ஆம் தேதி, காலை ஒன்பது மணி. நூற்றைம்பது பேரை அழைத்திருந்தோம். நூற்றெழுபது பேர் வந்தார்கள். வினார்த்தி அக்குளில் தாங்கிப் பிடிக்க, ஏழு நிற ஒட்டரிசிப் பலகாரங்களைக் குழந்தை மிதிக்கத் தொடங்கினாள். மூன்றாம் நிறத்தில் கால்களை மேலே இழுத்துக்கொண்டாள். பின்னிக்கொண்டன. எங்கள் ஊரார் உடனே தேநீரைப் பார்த்தார்கள். வினார்த்தி பதறவில்லை. நீங்கள் கற்றுக்கொடுத்தபடி முழங்காலை மெல்ல மடக்கி, பாதத்தை உள்ளங்கையில் ஏந்திக் காத்திருந்தாள். நாங்களும் காத்திருந்தோம். ஓதுபவர் மட்டும் காத்திருக்கவில்லை. அவருக்கு அன்று இன்னொரு வீடு இருந்தது. பிறகு கால்கள் இறங்கின. மீதி நான்கு நிறமும் மிதிபட்டன. கரும்பு ஏணியும் ஆயிற்று.

மூங்கில் கூண்டுக்குள் தனியே உட்கார்ந்தாள். கை ஊன்றவில்லை. நான்கு நிமிடம் இருபது வினாடி, என் கைக்கடிகாரப்படி. என் உதவி தேவைப்படவில்லை, முழங்கால் ஏமாற்றமடைந்தது. எதிர்காலத் தொழிலை அறிய முன்னால் வைத்த பொருள்களில் என் பழைய அளவு நாடாவை எடுத்து வாயில் வைத்தாள். நாடாவை அங்கே நான் வைத்தேன் என்பது உண்மை. அவள் கைக்குப் பக்கத்தில் நகர்த்தினேன் என்பது என் மனைவியின் அவதூறு.

நாலரையாவது நிமிடத்தில் அழுதாள். கூண்டுக்கு மிக அருகில் நின்றவன் நான். என் கைகள் அப்போது முதுகுக்குப் பின்னால் இருந்தன. அவை எப்போது முன்னால் வந்தன என்பது பற்றிச் சாட்சிகள் மாறுபடுகிறார்கள். சடங்குச் சட்டையின் பித்தான்கள் அவள் கன்னத்தில் உறுத்தியதால் அவற்றைக் கழற்ற வேண்டியதாயிற்று. நூற்றெழுபது பேர் முன்னிலையில், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். நோட்டரி இருமினார். குழந்தை தூங்கிவிட்டாள். சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதமாயிற்று, நான் அசையாததால்.

மூச்சு நன்றாகக் கேட்டது.

உங்கள் பிரிவில் ஒரு சூட்டுப் பெட்டி பழுது என்று கேள்விப்பட்டேன். சரிசெய்யும்வரை, வெறும் நெஞ்சு உள்ள கிழவர்கள் பயன்படுவார்களா என்று தெரிவிக்கவும். சோலோவில் எனக்குத் தெரிந்து நால்வர் இருக்கிறோம். கப்பல் நேரங்கள் எனக்கு மனப்பாடம்.

நன்றியுடனும் மரியாதையுடனும்,
பிரதிக்தோ

பி.கு.: சலித்த மணலில் அவளை நிறுத்திய இடத்தில் இரண்டு தடங்கள் விழுந்தன. நீளம் பத்தரை சென்டிமீட்டர். இப்போது இங்கே மழைக்காலம். அதனால் மூங்கில் கூண்டை அவற்றின்மேல் கவிழ்த்து, மேலே தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறேன். இன்று காலையும் திறந்து பார்த்தேன். இடது காலில் குதிகால் பட்ட இடம்தான் மிக ஆழம்.